ராஜராஜ சோழன் இந்துவா? பெரிய கோயில் நிழல் தரையில் விழுமா? தஞ்சாவூரை வைத்து ஓயாமல் நடக்கும் சண்டைகளும் கல்வெட்டு சொல்லும் சேதியும்

ஐப்பசி சதயம் நெருங்கினால் போதும், செல்போன்களில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் வரும் சேதி, கோபுர நிழல் தரையில் விழாது என்று சொல்லும். மதியம் வருவது, ராஜராஜன் இந்துவே இல்லை என்று சொல்லும். ராத்திரிக்குள் அவர் ஆட்சி பொற்காலமா இருண்ட காலமா என்ற சண்டை தொடங்கிவிடும். இதில் பாதி, சும்மா பொழுதுபோக்கு. மீதிப் பாதியில் போலீஸ் வழக்கு வரை போயிருக்கிறது.

985 முதல் 1014 வரை ஆண்ட ஒரு மன்னரைப் பற்றி இத்தனை சண்டை போட முடிகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வந்தால் வரி வரியாகக் கல்வெட்டு. யார் எவ்வளவு பொன் கொடுத்தார்கள், எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், யாருக்கு என்ன சம்பளம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் அவற்றைப் படித்து, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியாக அச்சில் கொண்டுவந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. சண்டை போடுகிறவர்கள் அதைத் திறந்து பார்ப்பதுதான் குறைவு.

எளிதாகத் தீர்க்கக்கூடிய கேள்வியில் இருந்து தொடங்கலாம்.

நிழல் விழாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. விழும். காலையில் போனால் கோயிலுக்குப் பின்னால், மேற்குப் பக்கம் நீளமாக விழுந்திருக்கும். சாயங்காலம் போனால் கிழக்கே, நந்தி இருக்கும் பக்கமாகப் படுத்திருக்கும். மாலையில் குடும்பத்தோடு வந்து முற்றத்தில் உட்காருகிறவர்கள் தேடுவதே அந்த நிழலைத்தான்.

அப்போ இந்தக் கதை எங்கிருந்து வந்தது? நண்பகலை மட்டும் கணக்கில் எடுத்தால் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. முதலில் ஒரு திருத்தம். அந்த உயரமான கட்டடம் கோபுரம் இல்லை, விமானம். கோபுரம் என்பது வாசல் மேல் இருப்பது. விமானம் கருவறைக்கு மேலே எழுப்புவது. இதன் உயரம் 60 மீட்டருக்கு மேல். உள்ளூரில் 216 அடி என்று சொல்வது வழக்கம். அடிப்பக்கம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 30 மீட்டர் அகலம். மேலே போகப் போகக் குறுகுகிறது. அதாவது உச்சிக்கு நேர் கீழே உள்ள இடத்தில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் 15 மீட்டர் தூரத்துக்குக் கட்டடத்தின் உடம்புதான்.

தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்கும் நிழல் இருக்காது, மின்கம்பத்துக்கும் இருக்காது. அதற்கு முன்னும் பின்னும், மார்ச் நடுப்பகுதியில் இருந்து செப்டம்பர் கடைசி வரை, நண்பகலில் சூரியன் உச்சியில் இருந்து அதிகம் விலகுவதில்லை. அந்த நேரத்தில் விமானத்தின் உச்சி நிழல் 15 மீட்டருக்குள்ளேயே, தன் உடம்பு மேலேயே விழுந்து முடிந்துவிடுகிறது. கோடை விடுமுறையில் மத்தியானம் 12 மணிக்கு, கால் சுடச்சுடக் கல்தரையில் நடந்த யாரோ ஒருவர் கிளப்பிவிட்ட கதையாக இருக்கலாம்.

டிசம்பரில் இது நடக்காது. மார்கழி மாத நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சி நிழல் வடக்குப் பக்கம் அடித்தளத்தைத் தாண்டி சுமார் 25 முதல் 30 மீட்டர் வரை போய்த் தரையில் விழும். ஒரு நாள் மதியம் 12.10 வாக்கில் போய் நின்று போட்டோ எடுத்தால் விவாதம் முடிந்தது.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது ‘80 டன் ஒற்றைக் கல்’. உச்சியில் இருக்கும் சிகரம் ஒரே பாறையில் செதுக்கியது, அதை மேலே ஏற்றச் சாரப்பள்ளம் என்ற ஊரில் இருந்து பல கிலோமீட்டர் சாய்தளம் போட்டார்கள் என்பது கதை. சாரப்பள்ளம் என்ற பெயர் இந்தக் கதைக்கு நன்றாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். சிகரம் பல கற்களை வெட்டிப் பொருத்தி அமைத்தது என்று கோயில் கட்டடக்கலை ஆய்வாளர்கள் பல முறை விளக்கிவிட்டார்கள். காவிரி வண்டல் மண்ணில், பக்கத்தில் பெரிய கருங்கல் மலையே இல்லாத ஊரில், இத்தனை கல்லைக் கொண்டுவந்து அடுக்கி, 1010-ல் கலசம் வைத்தார்கள். ராஜராஜனின் 25-வது ஆட்சி ஆண்டில் 275-வது நாள் கலசம் கொடுத்ததாகக் கல்வெட்டில் தேதியே இருக்கிறது. இதைவிட என்ன அதிசயம் வேண்டும் என்று தெரியவில்லை.

‘பெரிய வாசல் வழியாப் போனா பதவி போகும்’

இது அரசியல்வாதிகள் நம்பும் கதை. கேரளாந்தகன் வாசல் வழியாக நுழைந்தால் ஆட்சி போகும், உயிர் போகும் என்பார்கள். இந்திரா காந்தி, எம்.ஜி.ஆர். இருவரையும் 1984-ஐயும் உதாரணமாகச் சொல்வார்கள். இந்திரா அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். எம்.ஜி.ஆர். அதே அக்டோபரில் நோயில் விழுந்தார். ஆனால் கதை சொல்கிறவர்கள் டிசம்பரை விட்டுவிடுவார்கள். அந்த டிசம்பரில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்துக்கொண்டே, ஒரு கூட்டத்தில்கூடப் பேசாமல், ஆண்டிப்பட்டியிலும் மாநிலத்திலும் ஜெயித்தார். 1987 டிசம்பரில் இறக்கும் வரை முதல்வராகவே இருந்தார். பதவி எங்கே போனது?

சாபக் கதையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1997 ஜூன் 7 அன்று கும்பாபிஷேகத்துக்காகப் போட்ட யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து, நெரிசலில் சிக்கி 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதையும் சாபக் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதிவிட்டால், பந்தல் எப்படிப் போட்டார்கள், வெளியே வர வழி இருந்ததா என்ற கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியது இல்லாமல் போகிறது.

சரி, ராஜராஜன் இந்துவா இல்லையா?

2022 செப்டம்பர் 30 அன்று ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வெளியானது. படம் ஓடத் தொடங்கிய அதே நாட்களில், விசிக தலைவர் திருமாவளவனின் 60-வது பிறந்தநாளையொட்டி நடந்த நிகழ்ச்சியில் இயக்குநர் வெற்றிமாறன் பேசினார். வள்ளுவருக்குக் காவி உடுத்துவது, ராஜராஜ சோழனை இந்து அரசன் ஆக்குவது என்று நம் அடையாளங்கள் பறிக்கப்படுகின்றன என்பது அவர் பேச்சின் சாரம். பாஜக தரப்பில் இருந்து உடனே எதிர்ப்பு வந்தது. சிவபாதசேகரன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் இந்து இல்லாமல் வேறு யார் என்று கேட்டார்கள். சில நாளில் கமல்ஹாசன், அந்தக் காலத்தில் இந்து மதம் என்ற பெயரே கிடையாது, சைவம், வைணவம், சமணம் என்றுதான் இருந்தன, அந்தப் பெயர் ஆங்கிலேயர் வைத்தது என்றார். பிறகு வாரக்கணக்கில் டிவி விவாதம் நடந்தது.

கல்வெட்டு என்ன சொல்கிறது என்று பார்த்தால், இரண்டு தரப்புக்கும் பாதி மதிப்பெண்தான்.

ராஜராஜன் தன்னைச் சிவபாதசேகரன் என்று சொல்லிக்கொண்டது உண்மை. சிவனின் பாதத்தைத் தலையில் சூடியவன் என்று பொருள். கோயிலுக்கு அவர் வைத்த பெயர் ராஜராஜேச்சரம். அவர் சைவர் என்பதில் எந்த ஆய்வாளருக்கும் சந்தேகம் இல்லை. ‘இந்து’ என்ற மதப் பெயர் சோழர் கல்வெட்டுகளில் இல்லை என்பதும் உண்மை. அந்த மன்னரை எழுப்பி “நீங்க இந்துவா?” என்று கேட்டால் கேள்வியே புரிந்திருக்காது.

ஆனால் அந்தச் சொல்லை ஆங்கிலேயர்தான் கண்டுபிடித்தார்கள் என்பது சரியில்லை. சிந்து நதியின் பெயரைப் பாரசீகர்கள் ‘ஹிந்து’ என்று உச்சரித்தார்கள். பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸின் கல்வெட்டுகளில் அது ஒரு நிலப்பகுதியின் பெயராக வருகிறது. அது கிமு காலம். அரபியில் ‘ஹிந்த்’ ஆனது. சுமார் 1030-ல் அல்பெரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், முஸ்லிம்களின் நம்பிக்கையோடு ஒப்பிட்டு, இந்துக்களின் நம்பிக்கைகளை அத்தியாயம் அத்தியாயமாக விவரிக்கிறார். அப்போது தஞ்சையின் அடுத்த தலைமுறை, ராஜேந்திர சோழன், ஆட்சியில் இருக்கிறார். ஆக, வடமேற்கில் இருந்து பார்த்த ஒரு வெளியாளுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. காவிரிக் கரையில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

1350-களில் விஜயநகர மன்னர்கள் ‘இந்துராய சுரத்ராண’ என்று பட்டம் போட்டுக்கொள்கிறார்கள். இந்து அரசர்களுக்குள் சுல்தான் என்று அர்த்தம். எதிரில் உண்மையான சுல்தான்கள் வந்து நின்ற பிறகு பிறந்த பட்டம் அது. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி வருவதற்கு 400 ஆண்டு முந்தையது. அதை மதம், சாதி என்று கட்டம் கட்டி, சென்சஸ் படிவத்தில் ஏற்றி, சட்டப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொருவரும் ஒரு கட்டத்துக்குள் போய் நிற்கும்படி செய்தது 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நிர்வாகம். கமல் சொன்னதில் சரியான பகுதி அதுதான்.

இன்றைய சட்டப்படி பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1955-ன் இந்துத் திருமணச் சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியரையும் சேர்த்துக்கொண்டு, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எல்லோருக்கும் பொருந்தும் என்கிறது. அந்த அளவுகோலை ஆயிரம் வருடம் பின்னால் கொண்டுபோனால் ராஜராஜன் மட்டும் இல்லை, சோழநாட்டுச் சமணத் துறவியும் நாகப்பட்டினத்துப் புத்த பிக்குவும் இந்துதான். அவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

நாகப்பட்டினம் என்றதும் சொல்ல வேண்டியது ஆனைமங்கலம். இன்றைய இந்தோனேசியப் பகுதியை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தக் கோயிலைக் கட்டினார். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக் கொடுத்தார். அந்தச் செப்பேடு ஐரோப்பாவுக்குப் போய், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் ‘லெய்டன் செப்பேடு’ என்றே பெயர் ஆகிவிட்டது. ராஜராஜனின் அக்கா குந்தவை, திண்டிவனம் பக்கம் இருக்கும் தாதாபுரத்தில் சிவன், பெருமாள், சமணர் என மூவருக்கும் கோயில் எடுத்தார்.

இதைக் காட்டி ‘எம்மதமும் சம்மதம் என்று ஆண்டவர்’ என்று சொல்வதும் ஒரு ஃபார்வர்டுதான். ஸ்ரீவிஜயத்தோடு கடல் வணிகம் இருந்தது. அந்த நட்புக்கு விலை உண்டு. சுமார் 1025-ல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது ராஜேந்திரன் கப்பல் படையோடு பாய்ந்தார். விகாரத்துக்குக் கொடுத்தது ஓர் ஊர். பெரிய கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்ப் பட்டியலோ கல்வெட்டில் பக்கம் பக்கமாக நீள்கிறது.

கோயிலில் தமிழா, சமஸ்கிருதமா?

23 ஆண்டுகளுக்குப் பிறகு 2020 பிப்ரவரி 5 அன்று பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. தமிழில் நடத்த வேண்டும் என்று தஞ்சைப் பெரிய கோயில் உரிமை மீட்புக் குழு கேட்க, விவகாரம் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நடத்தப்படும் என்று அறநிலையத் துறை சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. அப்படியே நடந்தது.

இந்தச் சண்டையில் கல்வெட்டைத் தமிழ்த் தரப்பு அதிகம் காட்டும். காரணம் இருக்கிறது. கோயிலில் திருப்பதியம் பாட 48 பேர், கொட்டு முழக்க 2 பேர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று குறுணி நெல் சம்பளம். ஒருவர் இறந்தால் அவருக்கு அடுத்த உரிமையாளர் அந்த வேலைக்கு வர வேண்டும் என்பது வரை விதி இருக்கிறது. கோயில் கணக்கு எழுதிய மொழி தமிழ். அதற்காக வடமொழி இல்லை என்று சொல்ல முடியாது. பிரம்மதேய ஊர்களில் இருந்து ஆட்கள் வந்தார்கள். கிரந்த எழுத்தில் சமஸ்கிருதமும் கல்லில் இருக்கிறது. அன்று இரண்டும் இருந்தன. கருவறைக்குள் எது ஒலித்தது, வெளியே எது ஒலித்தது, யார் எதுவரை போகலாம் என்பதுதான் இன்றைய சண்டையின் உண்மையான கேள்வி. அதற்குக் கல்வெட்டு நேரடியாகப் பதில் தருவதில்லை.

யார் தேசத்து மன்னர்?

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் வைத்தபோது டெல்டாவின் பெயர் டெல்லி வரை போனது. அந்தத் தங்கமுலாம் பூசிய கோலை 1947-ல் அனுப்பியது இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் திருவாவடுதுறை ஆதீனம். செய்தது சென்னையின் உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடை. ஆகஸ்ட் 14 அன்று ஆதீனத்தின் பிரதிநிதிகள் டெல்லி போய் நேருவிடம் கொடுத்தார்கள். உடன் போனவர் ஆதீன வித்வான், நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. பிறகு அது அலகாபாத் அருங்காட்சியகத்தில் கைத்தடி என்ற குறிப்போடு பல ஆண்டு கிடந்தது.

இதுவரை சண்டை இல்லை. முதலில் மவுண்ட்பேட்டனிடம் கொடுத்து வாங்கினார்களா, அதுதான் அதிகார மாற்றத்தின் அதிகாரபூர்வ அடையாளமா என்பதில்தான் சண்டை. அரசு ஆம் என்றது. அதற்கு ஆவணம் இல்லை என்று காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ் மறுத்தார். சட்டப்படி ஆட்சி கைமாறியது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1947 ஜூலையில் நிறைவேற்றிய இந்திய விடுதலைச் சட்டத்தால். மடம் ஒரு கோல் கொடுத்ததும் நடந்தது, பத்திரிகைகளும் அன்றே எழுதின. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். தமிழில் செங்கோல் என்றால் அரசன் கையில் இருக்கும் பொருள் மட்டும் இல்லை, கோணாத ஆட்சி. திருக்குறளில் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரம் கொடுங்கோன்மை.

2025 ஜூலை 27 அன்று பிரதமர் மோடி கங்கைகொண்ட சோழபுரம் வந்து ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். ஒரு தரப்புக்குச் சோழர்கள் பாரதத்தின் கடற்படை முன்னோடி. இன்னொரு தரப்புக்குத் தமிழ்த் தேசத்தின் பேரரசர்கள். பெரிய கோயிலின் முதல் வாசலில் நின்று அதன் பெயரைப் படித்தால் இரண்டுமே கொஞ்சம் தடுமாறும். கேரளாந்தகன் என்றால் கேரளனுக்கு எமன். அந்தக் காலத்துச் சேரனும் தமிழ் மூவேந்தரில் ஒருவர்தானே! பாண்டிய நாட்டைப் பிடித்து ‘ராஜராஜப் பாண்டி மண்டலம்’ என்று பெயர் மாற்றினார். ஈழத்தின் வடபகுதி ‘மும்முடிச் சோழ மண்டலம்’ ஆனது. அங்கே இருந்த ஊர்களும் தஞ்சைக் கோயிலுக்கு நெல்லும் காசும் அனுப்ப வேண்டும் என்று கல்வெட்டு இருக்கிறது. அனுராதபுரம் அழிந்ததைச் சிங்கள வரலாறு இன்றும் மறக்கவில்லை. தமிழன் என்றோ இந்தியன் என்றோ ஒரு தேசம் கட்ட அவர் கிளம்பவில்லை. சோழநாட்டை விரிக்கக் கிளம்பினார்.

பொற்காலமா, இருண்ட காலமா?

மற்ற சண்டைகளில் பெருமை மட்டும்தான் பணயம். இதில் நிலம் இருக்கிறது.

2019 ஜூன் மாதம், கும்பகோணம் பக்கம் திருப்பனந்தாளில் நடந்த கூட்டத்தில் இயக்குநர் பா.இரஞ்சித் பேசினார். ராஜராஜன் காலத்தைப் பொற்காலம் என்கிறார்கள், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அதுதான் இருண்ட காலம், நிலம் பறிபோனது அப்போதுதான் என்றார். திருப்பனந்தாள் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. முன்ஜாமீன் கேட்டு மதுரைக் கிளைக்குப் போனார். பின்னர் அந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மன்னரைப் பற்றிப் பேசியதற்கு ஒரு எஃப்.ஐ.ஆர்.

கல்வெட்டில் இதற்கு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைப் பட்டியல் போடும்போது, ஒவ்வோர் ஊரிலும் எந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கழித்துக் காட்டுகிறார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு. அதே பட்டியலில் பறைச்சேரி, கம்மாணசேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. சில ஊர்களில் பறையர் சுடுகாடு தனியாக வருகிறது. அரசு அளவைக்காரர் வேலியையும் அதன் நுண்ணிய பின்னங்களையும் எழுதுகிற அதே அமைதியோடு இதையும் எழுதிவிட்டுப் போகிறார். யாரையும் திட்டவில்லை. செத்த பிறகும் தனி இடம் என்பது அன்றைய வருவாய்க் கணக்கில் ஒரு சாதாரண வரி.

ஆக, சேரி அன்று இல்லை, தீண்டாமை பின்னால் வந்தது என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கல்வெட்டே பதில். அதேசமயம், யாரிடம் இருந்த நிலத்தை எப்போது பிடுங்கி யாருக்குக் கொடுத்தார்கள் என்று இந்தப் பட்டியல் சொல்லவில்லை. ராஜராஜன் காலத்தில் சேரி இருந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம். அவர்தான் சேரியை உண்டாக்கினார் என்று சொல்ல முடியாது. பிரம்மதேயமும் தேவதானமும் பெருகப் பெருக, உழுகிறவருக்கும் நிலத்துக்கும் நடுவே மேல்வாரம் வாங்குகிறவர்கள் பெருகினார்கள் என்பதை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நொபொரு கராஷிமா, எ.சுப்பராயலு போன்றவர்கள் இதற்காகவே கல்வெட்டுகளை எண்ணி எண்ணிப் பார்த்தவர்கள்.

தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டையும் இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். சோழநாட்டின் பல கோயில்களில் இருந்து சுமார் 400 பெண்களைக் கொண்டுவந்து பெரிய கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தினார் ராஜராஜன். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலில் இருந்து வந்தவர், பெயர் என்ன என்று 400 பேருக்கும் எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நாளுக்கு மூன்று குறுணி வாங்கிய பாடகரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால், 12 குறுணி ஒரு கலம் என்ற கணக்கில் பாடகருக்கு ஆண்டுக்கு 90 கலம் சொச்சம் வருகிறது. நடனப் பெண்ணுக்கு அதைவிட அதிகம். பின்னாளில் தேவதாசி முறை என்று நாம் அறிந்ததை அப்படியே எடுத்து 1014-ல் பொருத்துவது சரியில்லை. அந்த 400 பேரிடம் “உங்களுக்கு இங்கே வர விருப்பமா” என்று யாராவது கேட்டார்களா என்பதும் எழுதப்படவில்லை.

இந்தச் சண்டை ஏன் டெல்டாவில் இத்தனை சூடாக இருக்கிறது என்பதற்குச் சோழர் காலம் வரை போக வேண்டியதில்லை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மிராசுதாரும் மடமும் கோயிலும் நிலம் வைத்திருக்க, பண்ணையாள் தலைமுறை தலைமுறையாகச் சேறு மிதித்தார். 1952-ல்தான் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு என்று தஞ்சாவூருக்குத் தனிச் சட்டமே வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல் அளவில் கொஞ்சம் உயர்வு கேட்டதுதான் தொடக்கம்.

இன்றும் டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் குத்தகை பாக்கி, பட்டா, வெளியேற்றம் என்று வழக்குகள் ஓடுகின்றன. செங்கோல் அனுப்பிய திருவாவடுதுறை ஆதீனமும் பெரிய நிலவுடைமை மடங்களில் ஒன்று. பெரிய கோயிலோ மராட்டிய அரச குடும்பத்தின் வாரிசைப் பரம்பரை அறங்காவலராகக் கொண்ட அரண்மனை தேவஸ்தானத்தில் இருக்கிறது. கட்டடப் பராமரிப்பு மத்தியத் தொல்லியல் துறையிடம். 1987 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

தளிச்சேரிப் பெண்களின் பெயர்ப் பட்டியல் வடக்குச் சுற்றின் வெளிப்புறச் சுவரில் இருக்கிறது. ஊர்ப் பட்டியலும் பொன், நெல் கணக்கும் பார்க்க விமானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். எழுத்து பழைய தமிழ், புள்ளி கிடையாது, படிக்கக் கொஞ்சம் பழகணும். மார்ச்சுக்கு மேல் போகிறவர்கள் காலை 9 மணிக்குள் போய்விடுவது நல்லது. அதற்கு மேல் கல் சுடும்.